போட்டோ மாதிரியே சுவர்ல முகம் வரையுறது: வெறும் கைத்திறனா, இல்ல அதுக்கு மேல ஏதாவது இருக்கா?

கரித்துண்டு:

ஆறு மாடி எட்டு மாடி கட்டிடத்தோட பக்கச்சுவர் முழுக்க ஒரே ஒரு மனுஷ முகம், கண்ணோரச் சுருக்கம், மூக்கு மேல வேர்வை மினுக்கு வரைக்கும் தெரியுற மாதிரி வரையுறாங்க இல்ல, அதப் பத்திதான் இந்த இழை. ஒரு நண்பரோட இதுல பெரிய வாக்குவாதம் ஆயிடுச்சு. அவரும் ஓவியர்தான், அரூபமா, அதாவது அடையாளம் தெரியுற உருவம் இல்லாம வெறும் நிறமும் வடிவமுமா வரையுறவர். போட்டோல இருக்குறத அப்படியே சுவர்ல ஏத்துறதுல கலைஞனுக்கு என்ன வேலை இருக்கு, பெரிய பிரிண்ட் எடுத்து ஒட்டினா அரை நாள்ல முடியுறத நாள்கணக்கா சாரத்துல நின்னு செய்யுறாங்க, அவ்ளோதான் வித்தியாசம்னு சொல்றார்.

என்னால அத ஏத்துக்க முடியல. ஹென்ட்ரிக் பைகிர்ஷ்னு ஒரு ஜெர்மன் ஓவியர், 2012ல தென்கொரியாவோட பூசான் நகரத்துல ஒரு வயசான மீனவரோட முகத்த வரைஞ்சார், கிட்டத்தட்ட 70 மீட்டர் உயரம், பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். கண்ணாடி அடுக்குமாடிங்க வரிசையா எழும்பி நிக்குற கடற்கரை நகரம் அது. அங்க போய் மீன் பிடிச்சு வயசான ஒருத்தரோட நெத்திச் சுருக்கத்த அவ்ளோ உயரத்துக்கு வெக்கணும்னு முடிவு பண்ணதே பாதி ஓவியம்னு எனக்குத் தோணுது. 2014ல டெல்லில அப்போதைய போலீஸ் தலைமையகச் சுவர்ல அன்பு வர்க்கியோட சேர்ந்து காந்திய வரைஞ்சதும் இவர்தான், அது நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு என்னவோ அந்தப் பேர் தெரியாத மீனவர்தான் மனசுல நிக்குறார்.

வரையுறவங்க, பாக்குறவங்க, பிடிக்காதவங்க எல்லாரும் சொல்லுங்க. பிரிண்ட்டுக்கும் இதுக்கும் உண்மையிலேயே என்ன வித்தியாசம்?

சாரம்:

நான் சுவர்ல வேலை செய்யுற ஆளு, அதனால கை பக்கத்துல இருந்து சொல்றேன். கொஞ்சம் நீளமா போகும்.

பிரிண்ட்டோட ஒப்பிடுறவங்க ஒரு தடவை சாரத்துல ஏறி சுவருக்கு ஒரு கை தூரத்துல நின்னு பாக்கணும். அங்க முகமே இருக்காது. மூக்குத் துவாரம் உங்க உடம்பு அகலத்துக்கு ஒரு கறுப்பு, அதுக்குப் பக்கத்துல என்னன்னே புரியாத ஒரு பழுப்பு மேகம், அவ்ளோதான். கீழ இறங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனாதான் நாம செஞ்சது உதடா கன்னமான்னு தெரியும். சாரத்துக் குழாயும் பலகையும் வேற பாதிய மறைக்கும். அதனாலதான் கிடைச்சா லிஃப்ட் வண்டிய விரும்புவோம், பின்னாடி தள்ளிட்டு வந்து பாக்கலாம்ல.

அளவு எடுக்குறதுக்கு இப்ப பலபேர் சதுரக் கட்டம் போடுறதில்ல. சுவர் முழுக்க எழுத்து, வட்டம், அம்புக்குறி, வாய்க்கு வந்த வார்த்தைன்னு கிறுக்கித் தள்ளிட்டு, எதிர்ல போய் சுவர போட்டோ எடுத்து, அந்தப் போட்டோ மேல வரையப்போற முகத்த பாதி தெரியுற மாதிரி ஃபோன்லயோ டேப்லெட்லயோ பதிச்சு வெச்சுக்குவாங்க, அப்புறம் மேல ஏறி "புருவம் இந்த எழுத்தோட வால்ல ஆரம்பிச்சு அந்த வட்டத்துக்கு மேல முடியுது"ன்னு பாத்துப் பாத்து கோடு போடுவாங்க. சதுரக் கட்டத்துல எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி இருக்குறதால எண்ணிக்கை தவறிடும், கிறுக்கல்ல ஒவ்வொரு இடமும் வேற, தொலைஞ்சு போக மாட்டோம். புரொஜெக்டர் வெச்சும் செய்யலாம், ஆனா இருட்டினப்புறம்தான் முடியும், எதிர்ல போதுமான தூரமும் வேணும், நடுவுல மரமோ கம்பமோ இருந்தா போச்சு.

இதெல்லாம் ஏற்பாடுதான். உண்மையான வேலை விளிம்புல இருக்கு. ஸ்ப்ரே கேன்ல கலர் கலக்க முடியாது, கம்பெனி கொடுத்த டப்பா கலர்தான். கன்னத்துல வெளிச்சத்துல இருந்து நிழலுக்குப் போற வழில பத்து பன்னெண்டு படி இருக்கும், டப்பாவோ நாலஞ்சுதான் இருக்கும், நடுவுல இருக்குறத எல்லாம் ஒன்னு மேல ஒன்னு பனி மாதிரி லேசா அடிச்சுதான் கொண்டு வரணும். சுவருக்குக் கிட்டப் பிடிச்சா கோடு கூர்மையா விழும், தள்ளிப் பிடிச்சா பரவும், கேன சாய்ச்சு அடிச்சா ஒரு பக்கம் கூர்மையாவும் மறுபக்கம் கரைஞ்சும் வரும். முகத்துக்கு இந்தச் சாய்ச்சு அடிக்குறதுதான் உயிர். மூக்கோட ஓரம், இமையோட மடிப்பு எல்லாமே அப்படித்தான். கேப் (கேனோட பீச்சுற முனை) மாத்துறது, பிரஷர் கம்மியான கேன் எடுக்குறது எல்லாம் இதுக்காகத்தான்.

கேமரா எல்லா விளிம்பையும் ஒரே மரியாதையோட பதிவு பண்ணும். நாம அப்படிச் செய்யுறதில்ல. இந்த ஓரத்த கத்தி மாதிரி விடுவோம், அந்த ஓரத்த கரைச்சிடுவோம், காத எல்லாம் கிட்டத்தட்ட மறந்தே போவோம். போட்டோ மாதிரி இருக்குன்னு கீழ நின்னு சொல்றவங்களுக்கு இந்த முடிவெல்லாம் தெரியாது, ஆனா கண்ணு எங்க போய் நிக்கணும்னு அதுதான் சொல்லுது. எல் மாக்னு லாஸ் ஏஞ்சல்ஸ் காரர் ஒருத்தர் இருக்கார், அவர் முகங்கள தூரத்துல பாத்தா அச்சு அசல் மனுஷன், கிட்டப் போனா முழுக்க வளையம் வளையமா ஓடுற கோடு. அது எந்தப் போட்டோல இருந்து வந்துச்சு?

கரித்துண்டு:

விளிம்பப் பத்தி இப்படி யோசிச்சதே இல்லண்ணே. நண்பருக்கு இத அப்படியே அனுப்புறேன்.

மேல்மாடி:

கட்டிட வடிவமைப்பு என் தொழில், அதனால ஒரு விஷயம் சேக்குறேன். சாரம் அண்ணன் சொன்ன கைவேலைக்கு முன்னாடியே பாதி வெற்றி தோல்வி முடிவாயிடுது, எந்தச் சுவர், எங்க இருந்து பாப்பாங்கங்குறதுல.

உயரமான சுவர கீழ நடைபாதைல நின்னு அண்ணாந்து பாத்தா மேல் பகுதி சுருங்கித் தெரியும். நேர் மட்டத்துல எடுத்த போட்டோவ அப்படியே ஏத்தினா தாடை பெருசா, நெத்தி இல்லாத மாதிரி ஒரு முகம்தான் நடந்து போறவனுக்குத் தெரியும். தெரிஞ்சவங்க மேல போகப் போக கொஞ்சம் இழுத்து வரைவாங்க, இல்லன்னா எந்தத் தெருமுனைல இருந்து பாத்தா சரியா தெரியணும்னு முன்னாடியே தீர்மானிச்சு அந்த இடத்துக்காக வரைவாங்க. பிரிண்ட் ஒட்டுறவங்களும் கம்ப்யூட்டர்ல இழுக்கலாம்தான், ஆனா சுவர் முன்னாடி நின்னு பாத்துப் பாத்து திருத்துறது வேற.

ஜன்னல் இன்னொரு தொல்லை. கருவிழில போய் ஒரு ஜன்னல் விழுந்துச்சுன்னா முகமே போச்சு. அதனாலதான் ஜன்னல் இல்லாத பக்கச்சுவருக்கு அவ்ளோ போட்டி.

பார்வை எந்தப் பக்கம்ங்குறதும் முக்கியம். ஸ்காட்லாந்தோட கிளாஸ்கோ நகரத்துல ஸ்மக்ங்குற ஓவியர் 2016ல வரைஞ்ச செயின்ட் மங்கோ ஓவியத்த எடுத்துக்கோங்க. அந்த ஊரோட காவல் புனிதர். செத்துப்போன ராபின் பறவைக்கு உயிர் கொடுத்தார்னு கதை. ஸ்மக் அவர கம்பளித் தொப்பி போட்ட இன்னைக்குத் தெருவுல பாக்குற ஒரு ஆளா வரைஞ்சு, விரல்ல ராபின உக்கார வெச்சு, அதையே குனிஞ்சு பாக்க வெச்சிருக்கார். கீழ நடந்து போறவங்களுக்கு அந்த முகம் தங்கள நோக்கிக் குனிஞ்ச மாதிரி இருக்கும். உயரத்துல இருக்குற முகம் நேரா முன்னாடி பாத்தா நம்மள அது கண்டுக்கவே இல்லங்குற உணர்வு வரும். தலைய கொஞ்சம் தாழ்த்தினதும் அந்தப் பிரச்சனை போயிடுச்சு. நான் பாத்ததுலயே இடத்துக்கு இவ்ளோ பொருந்தின முகம் கம்மி.

வெள்ளைச்சுவர்:

நான் மறுபக்கத்துல நிக்குறேன், கோவிச்சுக்காதீங்க. திறமைய நான் மறுக்கவே இல்ல, சாரம் எழுதினத படிச்சா மரியாதை இன்னும் கூடுது. ஆனா திறமையப் பாத்து வாயப் பொளந்து நிக்குறதுலயே நம்ம கேள்வி நின்னு போயிடுதுன்னுதான் என் வருத்தம்.

எந்த ஊர் திருவிழாவுக்காக வரைஞ்ச சுவர்னாலும் எடுத்துப் பாருங்க. ஒரு அழகான பொண்ணு முகம், பாதி மூடின கண்ணு, தலைய சுத்தி பூ, தோள்ல ஒரு பறவை, பின்னாடி நாலு வண்ணச் சிதறல். யார் அந்தப் பொண்ணு? அந்தத் தெருவுல யாருக்கும் தெரியாது. ஓவியர் விமானத்துல வந்து ஒரு வாரம் தங்கி வரைஞ்சுட்டுப் போயிடுறார், அதே முகத்த இன்னொரு கண்டத்துல வரைஞ்சிருந்தாலும் ஒன்னும் மாறியிருக்காது. பார்த்தவுடனே ஃபோன எடுத்து படம் பிடிக்குற மாதிரி இருக்கணும்ங்குறதுக்காகவே வரைஞ்ச முகங்கள் இதெல்லாம். அப்புறம் அந்தப் பேட்டை பேர் வாங்கும், வாடகை ஏறும், சுவருக்குப் பின்னாடி குடியிருந்தவங்க வேற இடம் தேடிப் போவாங்க, பூ வெச்ச முகம் மட்டும் அங்கயே இருக்கும்.

பிரபலமானவங்க முகம் இன்னொரு வகை. எத்தன ஊர்ல மரடோனா, எத்தன ஊர்ல மண்டேலா. ரியோல 2016 ஒலிம்பிக்ஸுக்காக எடுவார்டோ கோப்ரா அஞ்சு பழங்குடி முகங்கள வரைஞ்சார், எட்னியாஸ்னு பேரு, 2,600 சதுர மீட்டருக்கு மேல, அப்ப கின்னஸ் சாதனை. நிறம் அட்டகாசம், இல்லன்னு சொல்லல. ஆனா கண்டத்துக்கு ஒரு முகம்னு எடுத்து வரிசையா நிறுத்துறப்ப அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் ஒரு ஆளா இல்லாம ஒரு மாதிரியா ஆயிடுறார். அவருக்குப் பேர் இருக்கும், பிடிச்சது பிடிக்காதது இருக்கும், அதெல்லாம் எங்க போச்சு? எவ்வளவு தத்ரூபமா வரைஞ்சீங்களோ அவ்வளவு இந்தக் கேள்வி பெருசாகுதுன்னு நான் சொல்றேன். அரூபமா வரைஞ்சா இந்தப் பொறுப்பு இல்ல, முகம் வரைஞ்சா இருக்கு.

புதுசு:

இவ்ளோ நாள் படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இதுக்காகவே ஐடி போட்டேன். வெள்ளைச்சுவர் சார் சொன்ன கடைசி வரி ரொம்ப யோசிக்க வெக்குது.

நிழல்:

வெள்ளைச்சுவர், நீங்க சொல்ற நோய் உண்மைதான், ஆனா அந்த வகைக்கே அத எழுதி வெச்சிட்டீங்க. யார வரையுறதுன்னு கவலைப்பட்டு வரைஞ்சவங்க நிறைய பேர் இருக்காங்க.

ஆஸ்திரேலியாவுல பிரிம்னு ஒரு சின்ன ஊர். அங்க பயன்பாட்டுல இல்லாத தானியச் சேமிப்புக் குதிர்கள் வரிசையா நிக்குது, கான்கிரீட் உருளைங்க. குய்டோ வான் ஹெல்டன் 2015 கடைசிலயும் 2016 ஆரம்பத்துலயுமா அதுல நாலு பேர வரைஞ்சார், எல்லாரும் விவசாயம் பண்றவங்க, வேற வேற தலைமுறை. நகரம் இல்லதான், ஆனா சொல்ல வர்றது ஒன்னுதான். குதிரோட நிறமும் அவங்க சட்டையோட நிறமும் ஒன்னோட ஒன்னு கரைஞ்சு நிக்கும், அந்த மண்ணுல இருந்தே எழும்பின மாதிரி. பேர் போடல. வீரன் மாதிரியும் வரையல, வேலை முடிஞ்சு நிக்குறவங்க மாதிரி நிக்குறாங்க. அதுக்கப்புறம் பக்கத்து ஊர்க் குதிர்களுக்கும் ஓவியம் வந்து, இப்ப ஒரு நீளமான பாதையே ஆயிடுச்சு.

நகரத்துக்குள்ளயே வேணும்னா மெல்பர்ன்ல காலிங்வுட்னு ஒரு பகுதி, அங்க அரசாங்கக் குடியிருப்பு ஒன்னு, 20 மாடி. அட்னேட்ங்குற ஓவியர் 2018ல அதோட பக்கச்சுவர் முழுக்க வரைஞ்சது அந்தக் குடியிருப்புலயே வாழுற நாலு பேரோட முகம். குழந்தைங்களும் அதுல உண்டு. அந்தக் கட்டிடத்த ஏழைங்க இருக்குற இடம்னு தள்ளி நின்னு பேசுனவங்க எல்லாரும் இப்ப தூரத்துல இருந்தே அங்க யார் இருக்காங்கன்னு அண்ணாந்து பாக்க வேண்டியிருக்கு. இங்க சுவரும் முகமும் ஒரே வீட்டு ஆளுங்க.

ஜோரிட்னு நேப்பிள்ஸ் ஓவியர். 2015ல ஃபோர்செல்லா பேட்டைல அந்த நகரத்தோட காவல் புனிதர் சான் ஜென்னாரோவ வரைஞ்சப்ப, முகத்துக்கு மாதிரியா எடுத்தது ஒரு சாதாரணத் தொழிலாளிய. காரவாஜ்ஜோ 400 வருஷத்துக்கு முன்னாடி தெருவுல போறவங்கள புனிதர்களா வரைஞ்ச அதே ஊர்தான் அது. ஜோரிட் எல்லா முகத்துலயும் கன்னத்துல சிவப்பா ரெண்டு கீறல் போடுவார், அது எல்லாரும் ஒரே இனம், மனுஷ இனம்ங்குறதுக்கு அடையாளம். புனிதருக்கும் அதே கீறல், தெருப் பையனுக்கும் அதே கீறல், மரடோனாவுக்கும் அதே கீறல். நீங்க சொன்ன மரடோனா பிரச்சனைக்கு அவர் கண்டுபிடிச்ச பதில் அது.

அப்புறம் பிரிண்ட் விவாதத்துக்கு வர்றேன். ஜேஆர்னு ஒரு பிரெஞ்சுக் கலைஞர், அவர் பண்றது பிரிண்ட்தான்! போட்டோ எடுத்து, பெருசா அச்சடிச்சு, பசை தடவி ஒட்டுறார். 2008ல ரியோவோட ப்ரொவிடென்சியா குன்றுல வீட்டுச் சுவர்களெல்லாம் அங்க வாழுற பெண்களோட கண்ணும் முகமுமா மாறி நகரத்தப் பாத்துச்சு. அத பாத்துட்டு பிரிண்ட்னா மட்டம்னு யாரும் சொல்ல முடியாது. அதனால பிரிண்ட்டா பெயின்ட்டாங்குறது தப்பான இடத்துல போடுற சண்டைன்னு நினைக்கிறேன், யார் முகம், ஏன் இந்தச் சுவர்ல, அவங்களக் கேட்டாங்களா, இதுதான் கேள்வி.

வெள்ளைச்சுவர்:

காலிங்வுட் உதாரணத்த ஒத்துக்குறேன், அது நல்ல வேலை. ஆனா ஒன்னு, அந்தக் குழந்தை வளந்து பெரியவனாகி, என் சின்ன வயசு முகம் இருபது மாடி உயரத்துல இருக்குறது எனக்கு வேணாம்னு சொன்னா? அப்ப கேட்டது பெத்தவங்ககிட்டதான.

நிழல்:

நியாயமான கேள்வி. குழந்தைங்க முகத்துக்கு ஒரு காலக்கெடு பேசி வெக்கணும்னு நான் சொல்வேன், அஞ்சு வருஷமோ எட்டு வருஷமோ, அதுக்கப்புறம் அவங்ககிட்டயே கேட்டு வெச்சுக்குறதா அழிக்குறதான்னு முடிவு பண்ணலாம்.

சாரம்:

நிழல் மேடம், சண்டை தப்பான இடத்துலன்னு சொன்னீங்க, பெரும்பாலும் ஒத்துப்போறேன், ஆனா ஒரு சின்ன திருத்தம். ஜேஆர் ஒட்டுறப்பவும் ஊரே சேந்து கை கொடுக்குது, அது வேற அழகு. வரையுறப்ப நடக்குறது வேற ஒன்னு. முதல் நாள் வெறும் கிறுக்கல், ரெண்டாம் நாள் ஏதோ கறை, மூணாம் நாள் திடீர்னு ஒரு கண்ணு வந்துடும். அந்தத் தெருவுல தினமும் போறவங்க நின்னு கேக்க ஆரம்பிப்பாங்க, "இது யாரு", "மூக்கு இப்படி இல்லையே", "அவங்க சிரிச்சா ஒரு பக்கம்தான் குழி விழும்"னு. அவங்க சொல்றத கேட்டு மாத்துறது உண்டு. முகம் அவங்க கண்ணு முன்னாடி வளருது, அதனால முடிஞ்சப்புறம் அது கொஞ்சம் அவங்களுதும் ஆயிடுது.

கரித்துண்டு:

அடுத்த கேள்வி. போட்டோ யாரோடது, சுவர் யாரோடது, ஓவியம் யாரோடது? இதுல சட்டம் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க.

தாள்கட்டு:

ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் வேற. ஆனா எல்லாரும் எடுத்துக் காட்டுற சில வழக்குகள் இருக்கு, எல்லாம் அமெரிக்காவோடது.

போட்டோ விஷயத்துல ஷெப்பர்ட் ஃபெய்ரிங்குற கலைஞரோட வழக்கு. 2008ல அவர் பண்ண ஒபாமா போஸ்டர் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்துக்காக எடுத்த ஒரு போட்டோவ வெச்சுப் பண்ணது. அனுமதி வாங்கல, பெரிய தகராறாகி 2011ல சமரசம் ஆச்சு. அது சுவரோவியம் இல்ல போஸ்டர்தான், ஆனா நெட்ல கிடைச்ச போட்டோவ வெச்சு முகம் வரையுற எல்லாருக்கும் பாடம் அதுல இருக்கு. மத்தவன் எடுத்த போட்டோவுல வெளிச்சம், கோணம், கணம் எல்லாம் அவனோட முடிவு, நீங்க பெருசாக்குனதால அது உங்களுது ஆயிடாது. நீங்களே போட்டோ எடுங்க, இல்ல எழுதி வாங்குங்க.

சுவர் விஷயத்துல கென்ட் ட்விட்செல்ங்குற சுவரோவியர். லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஓவியர் எட் ருஷேயோட முழு உருவத்த ஆறு மாடி உயரத்துக்கு வரைஞ்சார், 1978ல ஆரம்பிச்சு 1987ல முடிச்சது. 2006ல அவருக்குச் சொல்லாமலே பெயின்ட் அடிச்சு மூடிட்டாங்க. வழக்கு போட்டு 2008ல 11 லட்சம் டாலருக்கு சமரசம் ஆச்சு. அப்புறம் நியூயார்க் 5பாயின்ட்ஸ், சுவர் முழுக்க ஸ்ப்ரே ஓவியங்கள் இருந்த ஒரு கட்டிடம். 2013 நவம்பர்ல கட்டிட உரிமையாளர் ராத்திரியோட ராத்திரியா வெள்ளையடிச்சார், 2018ல 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் கொடுக்கணும்னு நீதிமன்றம் சொல்லிச்சு, 45 ஓவியம், ஒவ்வொன்னுக்கும் ஒன்றரை லட்சம். மேல்முறையீட்டுலயும் அது நின்னுச்சு. கட்டிடம் அவருதுதான், இடிக்கவும் உரிமை உண்டு, ஆனா முன்கூட்டியே எழுத்துல சொல்லி, கலைஞர்களுக்கு நேரம் கொடுத்திருக்கணும்ங்குறது சட்டத்தோட எதிர்பார்ப்பு. 1990ல வந்த காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம் அது.

உங்க ஊர்ல இந்தச் சட்டம் இருக்காது, அதனால ஒப்பந்தத்துல நீங்களே எழுதிக்கோங்க: எத்தன வருஷம் இருக்கும், அழிக்குறதுக்கு எவ்வளவு முன்னாடி சொல்லணும், பழுதானா யார் சரி பண்றது.

புதுசு:

ரொம்ப நன்றி சார். எனக்கு ஒரு கேள்வி, சாரம் அண்ணனுக்கு. கறுத்த தோல் முகம் வரையுறப்ப எனக்கு எப்பவும் மண்ணு பூசின மாதிரி செத்துப் போயிடுது. வீடியோல காட்டுறது எல்லாமே வெளுத்த தோல்தான்.

சாரம்:

நல்ல கேள்வி தம்பி, இத யாரும் சரியா சொல்லித் தர்றதில்ல. வெளுத்த தோலுக்கு எடுக்குற கலரையே இருட்டாக்கி அடிக்குறதுதான் பெரும்பாலான பேர் பண்ற தப்பு, அதுலயும் கறுப்பு சேத்து இருட்டாக்குனா உடனே சாம்பல் பூத்துடும்.

கறுத்த தோல்ல வெளிச்சம் பளிச்சுன்னு விழும், சுத்தி இருக்குறத கண்ணாடி மாதிரி காட்டும். அதனால நெத்தி மேட்டுலயும் மூக்குத் தண்டுலயும் கன்ன எலும்புலயும் வெளிச்சத்த வெறும் இளம்பழுப்பா போடாதீங்க, வானத்தோட நீலமோ லேசா ஊதா கலந்த சாம்பலோ அங்க வரும். நடு நிறத்துல செம்மண், தாமிரம் மாதிரி சிவப்பு இருக்கும், கன்னத்துல, காதோரத்துல, மூக்கு நுனில. நிழல்ல ஆழமான காப்பிப் பழுப்போட அடர்நீலமோ கருஞ்சிவப்போ, முகத்துக்கு முகம் மாறும். கறுப்ப கருவிழிக்கும் மூக்குத் துவாரத்துக்கும் மட்டும் வெச்சுக்கோங்க. கழுத்துக்குக் கீழ சட்டைல இருந்து எதிரொளி வந்து தாடைக்கு அடில விழும், அத விட்டுடாதீங்க, அது இல்லன்னா தலை ஒட்ட வெச்ச மாதிரி இருக்கும்.

இன்னொன்னு, ஸ்ப்ரே டப்பாவுல இளஞ்சிவப்பு, இளம்பழுப்பு வகைவகையா கிடைக்கும், ஆழமான பழுப்புல தேர்வு குறைவுதான். அதனால அடிப்படை நிறங்கள எக்ஸ்டீரியர் எமல்ஷன்ல பக்கெட்ல கலக்கி ரோலராலயும் பிரஷ்ஷாலயும் பூசிடுங்க, கரைக்குற வேலைக்கு மட்டும் ஸ்ப்ரே. பொடி, ஆவி ரெண்டையும் வடிகட்டுற மாஸ்க் இல்லாம கேன தொடாதீங்க. துணி மாஸ்க் இதுக்கு ஆகாது.

ஓதம்:

சுவர் வேலை தெரிஞ்ச ஆளா நான் ஒன்னு சொல்லிக்கிறேன், முகம் எவ்வளவு நல்லா வந்தாலும் சுவர் சரியில்லன்னா ரெண்டு மழைல உதட்டுல உப்பு பூக்கும். புது காரைன்னா குறைஞ்சது நாலு வாரமாவது காய விடணும், ஈரமும் காரமும் குறையாம மேல பெயின்ட் அடிச்சா உரிஞ்சு வரும். ஓதம், அதாவது சுவர்ல ஊறுற ஈரம், எங்க இருந்து ஏறுதுன்னு முதல்ல பாருங்க, மொட்டை மாடித் தண்ணி சுவர் வழியா வழியுதான்னு பாருங்க.

வெயில்ல முதல்ல போறது பளிச்சு சிவப்பும் மஞ்சளும்தான். காவி, செம்மண் மாதிரி இரும்பு சேந்த மண் நிறங்கள் நிக்கும். முகத்துக்கு இது பெரிய ஆபத்து, ஏன்னா தோல்ல இருக்குற சிவப்பு மட்டும் வெளுத்துப் போனா மீதி பச்சையும் சாம்பலுமா நின்னு சீக்காளி முகம் ஆயிடும். அதனால முடிஞ்ச இடத்துல எல்லாம் சிவப்ப மண் நிறத்துல இருந்தே எடுங்க. ரொம்ப நாள் நிக்கணும்னா சிலிகேட் பெயின்ட் இருக்கு, ஜெர்மனில கைம்னு ஒருத்தர் 1878ல காப்புரிமை வாங்கினது, மேல படலமா ஒட்டாம காரையோடயே சேந்து இறுகிடும், ஆனா ஏற்கனவே எமல்ஷன் அடிச்ச சுவர்ல அது பிடிக்காது.

வெள்ளைச்சுவர்:

எல்லாரும் நிக்க வைக்குறதப் பத்தியே பேசுறீங்க. ஹோர்ஹே ரோட்ரிகெஸ் ஹெரதா 2002 வாக்குல இருந்து பார்சிலோனால அந்தந்தப் பகுதில வாழுற சாதாரண ஆளுங்க முகத்த கரிலயே சுவர் முழுக்க வரைஞ்சார். காத்துலயும் மழைலயும் கொஞ்சம் கொஞ்சமா அது போயிடும்னு தெரிஞ்சேதான். பெரிய விளம்பரப் பலகைல தினமும் பிரபலங்கள் முகம் இருக்குற அதே நகரத்துல, பிரபலம் இல்லாத ஒருத்தரோட முகத்த அதே அளவுல வெச்சு, அத விற்பனைக்கு இல்லாததாவும் ஆக்கினார். இந்த வகைல எனக்கு முழுசா பிடிச்ச வேலை இதுதான். வில்ஸோட வேலையும் பிடிக்கும், போர்ச்சுகல்காரர், சுவர்ல பூசாம காரைய உளியாலயும் டிரில்லாலயும் கொத்தியெடுத்தே முகம் கொண்டு வர்றார், பழைய பெயின்ட், செங்கல், காரைன்னு சுவரோட அடுக்குதான் அவருக்கு நிறம்.

கரித்துண்டு:

என் பேரே கரித்துண்டு, இவரப் பத்தி இப்பதான் தெரிஞ்சுக்குறேன். நன்றி.

மேல்மாடி:

நேர்மாறான உதாரணம் ஒன்னு. பிலடெல்ஃபியால 1990ல கூடைப்பந்து வீரர் ஜூலியஸ் எர்விங்கோட உருவத்த அதே கென்ட் ட்விட்செல் வரைஞ்சார், ஆனா சுவர்ல நின்னு இல்ல. மெல்லிசான ஒரு துணில துண்டு துண்டா தன் ஸ்டூடியோவுல வரைஞ்சு எடுத்துட்டு வந்து சுவர்ல ஒட்டினார். அதுக்கப்புறம் அந்த நகரத்துல துணி முறை ரொம்பப் பரவி, சாரம் ஏற முடியாத குழந்தைங்க, சிறைல இருக்குறவங்கன்னு எல்லாரும் உக்காந்த இடத்துல வரைஞ்சு சேக்க முடிஞ்சுது.

சாரம்:

துணி முறைல நுணுக்கம் கூடும், மறுக்கல. ஆனா தெருவுல ஆள் நின்னு பேசுறது போயிடும், அது எனக்குப் பெரிய இழப்பு.

நிழல்:

சிறைல இருக்குறவர் வரைஞ்ச ஒரு கை நகரத்துச் சுவர்ல இருக்குதுன்னா எனக்கு அது பெரிய சேர்க்கை அண்ணே.

புதுசு:

எல்லாரும் இவ்ளோ சொன்னதால தைரியமா கேக்குறேன். எங்க மூணு பேருக்கு ஒரு மூணு மாடிச் சுவர் கிடைச்சிருக்கு, உரிமையாளர் எழுத்துலயே அனுமதி கொடுத்துட்டார். அந்தக் கட்டிடத்துல பல வருஷமா கூட்டிப் பெருக்குற வேலை செய்யுற அம்மா ஒருத்தங்க முகத்த வரையலாம்னு இருக்கோம். என்ன கவனிக்கணும்?

நிழல்:

முதல்ல அவங்ககிட்ட கேளுங்க. சும்மா தலையாட்ட வெச்சுட்டு வராதீங்க, சுவர் அளவ காட்டி, இந்த உயரத்துல தினமும் உங்க முகத்துக்குக் கீழதான் நீங்க வேலைக்கு வருவீங்கன்னு புரிய வெச்சு, வீட்டுல கலந்து பேச நேரம் கொடுங்க. எப்படித் தெரியணும்னு அவங்களே சொல்லட்டும். துடைப்பத்தோட வேணாம், பட்டுப் புடவைலதான் வேணும்னு சொன்னாங்கன்னா அதத்தான் வரையணும். வேணாம்னு சொன்னா விட்டுடணும்.

வெள்ளைச்சுவர்:

பேர் போடலாமான்னும் கேளுங்க. கீழ ஓவியர் கையெழுத்து பெருசா இருந்து முகத்துக்காரங்க பேர் இல்லாம நிக்குறத நான் நிறைய பாத்துட்டேன். பணம் வாங்கி வரையுறீங்கன்னா அவங்களுக்கும் ஒரு பங்கு கொடுங்க.

தாள்கட்டு:

அவங்க சம்மதத்தையும் எழுத்துல வாங்கிக்கோங்க, படிச்சுக் காட்டி. பின்னாடி மனசு மாறினா என்ன பண்றதுன்னும் அதுலயே எழுதுங்க.

சாரம்:

தம்பி, சுவர் எந்தப் பக்கம் பாத்து இருக்கு? வெயில் எப்ப விழும்?

புதுசு:

கிழக்கு பாத்த சுவர்ணே. காலைல நல்லா வெயில் விழும், சுவரப் பாத்து நின்னா பெரும்பாலும் இடது பக்கத்துல இருந்து சாய்வா வரும். மதியத்துக்கு மேல நிழல்தான்.

சாரம்:

அப்ப போட்டோவும் இடது பக்கத்துல இருந்து வெளிச்சம் விழுற மாதிரி நீங்களே எடுங்க, காலை வெயில்லயே எடுத்தா இன்னும் நல்லது. சுவர் மேல விழுற உண்மையான வெயிலும் முகத்துல நீங்க வரைஞ்ச வெளிச்சமும் ஒரே பக்கமா இருந்துச்சுன்னா மூக்கு சுவர விட்டு வெளிய வந்து நிக்கும், எதிர் எதிரா இருந்தா எவ்வளவு கரைச்சாலும் தட்டையாதான் தெரியும். ஃபிளாஷ் வேணாம். நூறு படம் எடுத்து, அவங்களையே உக்கார வெச்சு காட்டி, அவங்க எது பிடிச்சிருக்குன்னு சொல்றாங்களோ அதுல இருந்து தேர்ந்தெடுங்க. மழைக்காலம் முடிஞ்சு ஆரம்பிங்க, ஓதம் சொன்ன மாதிரி மொட்டை மாடித் தண்ணிய முதல்ல பாத்துடுங்க. ஸ்கெட்ச் ஆனதும் இங்க போடுங்க, பாக்குறேன்.